பெரியம்மாவின் வாழ்வை எழுதியபோது கற்றுக்கொண்டவை

எங்கள் பெரியம்மா முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலை மாவட்டத்தின் அரச வைத்தியசாலைகளில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் கால்கள் ஒத்துழைத்த காலம்வரை பங்கிலுள்ள நோயாளர் வீடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தவர். அவர் இறைவனடி சேர்ந்த பின்னர், முப்பத்தோராம் நாள் திருப்பலியில் வாசிப்பதற்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி குடும்பத்தவர் என்னைக் கேட்டனர். திருமணம் செய்யாதவர் என்பதால் பிள்ளைகள் இல்லை. அவரோடு ஒரே வளவில் வளர்ந்த பெறாமகள் என்ற வகையில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அதைச் செய்து முடித்தபோது கிடைத்த அனுபவம், இத்தகைய பணியைத் தம் வீட்டிலும் செய்ய நேரும் வேறு சிலருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம்மிடையே அச்சாகும் நினைவு மலர்களில் பெரும்பாலானவை, இறந்தவர் அன்பின் உறைவிடமாகவும் பண்பின் சிகரமாகவும் திகழ்ந்தார் என்று சொல்லும். ஆனால் அவர் காலையில் எழுந்து என்ன செய்தார் என்பதை அவை சொல்வதில்லை. பெயரை மாற்றிவிட்டால் அதே பக்கங்களை வேறொருவருக்கும் பயன்படுத்திவிடலாம். தாதி ஒருவரின் வாழ்வுக்கு இவ்வாறு எழுதுவது பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அவருடைய வாழ்வு முழுவதும் கையால் செய்த வேலைகளால் ஆனது. எனவே புகழுரை எதையும் எழுதுவதில்லை, செய்த வேலையை மட்டும் எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதலில் கையில் எடுத்தவை கடதாசிகள். பெரியம்மாவின் அலுமாரியின் அடித்தட்டில் இருந்த தகரப் பெட்டியில் நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், சம்பள ஏற்றக் கடிதங்கள், ஓய்வூதியக் கடிதம் ஆகியவை ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. அவர் எந்த ஆண்டில் எந்த வைத்தியசாலையில் இருந்தார் என்ற எலும்புக்கூட்டை இவற்றிலிருந்து பெற முடிந்தது. இடமாற்றக் கடிதங்களைத் திகதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தாளை ஒதுக்கி, அந்தக் காலத்தைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும் அந்தத் தாளிலேயே எழுதி வந்தேன். சாதாரணமான இந்த ஏற்பாடு பின்னர் எனக்கு மிகவும் உதவியது. எங்கள் கடற்காற்றின் உப்பும் ஈரமும் புகைப்படங்களை மிக விரைவில் அழித்துவிடும். பிளாஸ்டிக் உறைகளுக்குள் நெடுங்காலம் இருந்த படங்கள் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை இழுத்துப் பிரிக்க முயலாமல், உறையோடு சேர்த்தே ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அரச கடிதங்களுக்கு அடுத்ததாகப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு உதவியது. கத்தோலிக்கப் பங்குகளில் ஒருவரின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே உறுதிப்பூசுதலும் திருமணமும் பின்னர் குறிக்கப்படுவதால், ஒரே வரியிலிருந்து பல செய்திகளைப் பெறலாம். பெரியம்மாவின் பதிவைத் தேடிச் சென்றபோது, அவர் ஞானத்தாயாக நின்ற பிள்ளைகளின் பதிவுகளும் இருக்கலாம் என்று பங்குச் சுவாமி நினைவூட்டினார். அவற்றைப் பார்க்கையில், மகப்பேற்று விடுதியில் சாகும் தறுவாயில் இருந்த சிசுக்களுக்கு அவர் கொடுத்த அவசர ஞானஸ்நானம் பற்றிய குறிப்புகளும் கண்ணில் பட்டன. மரண ஆபத்தில் குரு ஒருவர் வந்துசேர நேரமில்லையெனில், சரியான கருத்தோடு எவரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். கத்தோலிக்கப் பெற்றோர் வேண்டிக்கொண்டால் மட்டுமே பெரியம்மா இதைச் செய்தார் என்றும், சைவ, முஸ்லிம், பௌத்தப் பெற்றோரின் பிள்ளைகள் மீது அவர் இதை ஒருபோதும் திணித்ததில்லை என்றும் அவரோடு பணியாற்றிய முஸ்லிம் தாதி ஒருவர் எனக்குச் சொன்னார். அந்தச் சாட்சியத்தை அவரிடமிருந்து கேட்டதே பொருத்தமாயிற்று. ஒருவரின் பக்தியைப் பற்றி அவருடைய கோயிலைச் சாராதவர்களிடமும் விசாரிக்க வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

கடிதங்கள் இடத்தையும் திகதியையும் சொல்லும், வேலையைச் சொல்லமாட்டா. அதற்கு மனிதர்களிடம்தான் போக வேண்டும். முதியவர்களிடம் “எந்த ஆண்டு?” என்று கேட்டால் அவர்கள் தடுமாறுகிறார்கள், சில வேளைகளில் நம்மைத் திருப்திப்படுத்த ஏதாவதொரு ஆண்டைச் சொல்லியும் விடுகிறார்கள். எங்கள் ஊரின் நினைவுக்கு வேறு நாட்காட்டி உண்டு. 1978 நவம்பர்ச் சூறாவளிக்கு முந்தியா பிந்தியா, 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததற்கு முந்தியா பிந்தியா, இந்திய இராணுவம் வந்த 1987க்கு முந்தியா, 1990 ஆனிமாத இடம்பெயர்வுக்குப் பிந்தியா, 2004 சுனாமிக்குப் பிறகா என்று கேட்டால் எவரும் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்களை இடமாற்றக் கடிதங்களோடு ஒப்பிட்டபோது பெரும்பாலும் பொருந்தின. பொருந்தாதவற்றை நான் எழுதவில்லை.

இவ்வாறு சேர்ந்தவற்றுள் மிக வளமானவை அவர் நகருக்கு வெளியே பணியாற்றிய ஆண்டுகளைப் பற்றியவை. கந்தளாயில் இருந்தபோது மலேரியாவின் இரண்டாவது எழுச்சியை அவர் நேரிற் கண்டார். 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கு மட்டுமே மலேரியா பதிவாகியிருந்தது. நோய் ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த சில ஆண்டுகளுக்குள், 1969இல் அந்தத் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நடுக்கத்தோடு வருபவர்களின் விரல் நுனியில் குத்தி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவுவதும், கசப்பான குளோரோகுயின் குளிசையைச் சிறு பிள்ளைகள் துப்பாமல் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பதும் அவருடைய நாளாந்த வேலைகளாக இருந்தன. “துப்பினால் எனக்கென்ன என்று போயிடக்கூடாது பிள்ளை, அது விழுங்கின பிறகுதான் மருந்து” என்று அவர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது, அவர் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை வெட்டித் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பெட்டியில் எந்தப் பாராட்டுப் பத்திரத்தையும் காணாத நான் அந்தத் துண்டைக் கண்டபோது, அவருடைய வாழ்க்கைக் குறிப்பின் நடுப்பகுதி எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

கிண்ணியாவில் கடமையாற்றிய காலத்தில் அங்கு பாலம் இல்லை. இப்போதைய பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நிற்கும் வேளையில் நோயாளி ஒருவரைப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், இக்கரையில் காத்திருக்கும் நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடும். சேலைன் போத்தலை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தபடி, மறு கையால் நாடி பார்த்தபடி வெய்யிலில் நின்ற தாதியை அங்கு வாழ்ந்த பலர் நினைவில் வைத்திருந்தனர். அக்காலத்தில் ஊசிக்குழாய்கள் கண்ணாடியால் ஆனவை. ஒவ்வொரு முறையும் அவற்றைக் கழற்றிக் கழுவி, தண்ணீரில் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்துப் பொருத்த வேண்டும். மின்சாரம் இல்லாத இரவுகளில் மண்ணெண்ணெய் அடுப்பில் அதைச் செய்தார்கள் என்பதை அவரோடு பணியாற்றிய சிற்றூழியர் ஒருவர் விவரித்தார். கொதிக்கும் நேரத்தைக் கணக்கிட மணிக்கூட்டை நம்பாமல், கொதி வந்த பிறகு ஜெபமாலையின் எத்தனை மணிகள் என்று பெரியம்மா எண்ணுவாராம். சிற்றூழியர் அவசரப்படுத்தினாலும் எண்ணி முடியும்வரை மூடியைத் திறக்க விடமாட்டாராம். அவருடைய செபமும் தொழிலும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கோயில் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது எனக்குத் தனிக் கவனம் தேவைப்பட்டது. பூசை தவறாதவர் என்று எழுதினால் அது உண்மையாகாது. இரவுக் கடமையும் ஞாயிற்றுக்கிழமைக் கடமையும் காரணமாக அவர் பல பூசைகளைத் தவறவிட்டிருக்கிறார். இரவுக் கடமை முடிந்த காலைகளில் வெள்ளை உடுப்போடு நேரே கோயிலுக்கு வந்து கதவோரத்துக் கடைசி வாங்கில் அமர்ந்திருப்பார். யாராவது தேடி வந்தால் எழுந்து போவதற்கு வசதியாக இருக்கும் என்பதே அந்த இடத்துக்குக் காரணம், ஓய்வுபெற்ற பிறகும் அவர் அந்த வாங்கை மாற்றவில்லை. 2004 மார்கழி 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு, கடல் வந்த செய்தி பரவியபோது அவர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கடந்திருந்தன. எவரும் அழைக்காமலே வைத்தியசாலைக்குச் சென்று, காயங்களைக் கழுவும் இடத்தில் நின்றுகொண்டார். கிண்ணியா வைத்தியசாலை அலையில் சிதைந்துபோனது என்ற செய்தி அங்கு வந்தடைந்தபோது, அவர் முதலில் பெயர் சொல்லி விசாரித்தது அங்கிருந்த பழைய சிற்றூழியர்களையே என்று அன்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். 2009இன் முற்பகுதியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் ஏற்பாட்டில் வன்னியிலிருந்து காயப்பட்டவர்களும் நோயாளரும் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்ட மாதங்களில், உறவினர் எவருமின்றி வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கென்று பங்கிலிருந்து மாற்றுடுப்புகளைச் சேர்த்தார். முன்பக்கம் திறக்கும் சட்டைகளாகப் பார்த்துக் கேட்பார், ஏனெனில் கையிலோ தோளிலோ காயம் உள்ளவர்களுக்குத் தலைவழியாகப் போடும் உடுப்பு வேதனை தரும்.

வீடு வீடாகச் சென்றபோது நான் எதிர்பாராத ஒன்றையும் கண்டேன். பெரியம்மாவைப் பற்றிக் கேட்டால் பலர் அவரை விவரிக்கவில்லை, அவர் சொல்லிக்கொடுத்ததைச் செய்து காட்டினார்கள். பக்கவாதத்தில் படுத்த கணவரை நீண்டகாலம் பராமரித்த ஒரு அம்மா, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டுவது எப்படியென்று தன் பேரனைப் படுக்கவைத்து எனக்குக் காட்டினார். முதலில் தூரத்துக் காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் தன் பக்கம் உருட்டி, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையும் முழங்கால்களுக்கிடையே மடித்த துவாயும் வைத்தார். குதிக்கால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலின் கீழ் இன்னொரு துவாய். தோல் சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்துப் பார்க்க வேண்டும், சிவப்பு மறைந்து மீண்டும் வந்தால் ஆபத்தில்லை, மறையாமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது என்று அவர் பெரியம்மாவின் குரலிலேயே சொன்னார். இதைக் கேட்ட பின்னர், வாழ்க்கைக் குறிப்போடு சேர்த்து இந்த அறிவுரைகளையும் எழுதி வைப்பது என்று தீர்மானித்தேன்.

அவற்றுள் அதிகமானோர் நினைவில் இருந்தவை காய்ச்சலைப் பற்றியவை. 2017இல் டெங்கு நாடு முழுவதும் பரவி, பதிவான நோயாளர் தொகை 186,000ஐத் தாண்டிய ஆண்டில், கிண்ணியா மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அப்போது எழுபதைக் கடந்திருந்த பெரியம்மா, பூசை முடிந்து வெளியே வரும் தாய்மாரை மறித்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் எதையும் கொடுக்காதீர்கள், மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள், ஏனெனில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும், பிள்ளை சோர்ந்து போனாலோ தொடர்ந்து சத்தியெடுத்தாலோ வயிறு நொந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்பதே அது. வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொதி கிடைக்காத வேளையில், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கச் சொல்வார். உப்புக் கூடிவிட்டால் தீங்கு என்பதால் குவித்து அளக்க ஒருபோதும் விடமாட்டார்.

பெரிய வெள்ளியன்று வீதிச் சிலுவைப்பாதையில் நடப்பவர்கள் பலர் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். சித்திரை வெய்யிலில் தார்வீதி கொதிக்கும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவதால், கொப்புளம் போட்டாலும் தெரியாது. அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி விரலை, சில வேளை காலையே எடுக்க வேண்டிவரும். ஆகவே பெரியம்மா கோயில் வாசலில் நின்று, சீனி வருத்தம் உள்ளவர் என்று தமக்குத் தெரிந்த ஒவ்வொருவரையும் செருப்பைப் போட வைப்பார். நேர்த்தி என்று ஒருவர் மறுத்தபோது, “ஆண்டவருக்கு உங்கட கால் வேணும் அண்ணை, புண் வேண்டாம்” என்று அவர் சொன்னதை அந்த ஐயாவே எனக்குச் சொன்னார். இதைக் குறிப்பில் சேர்ப்பதற்குச் சிலர் தயங்கினர். நான் சேர்த்தேன். அவருடைய கண்டிப்பையும் பிடிவாதத்தையும் நீக்கிவிட்டால், மிஞ்சுவது அவரைத் தெரிந்தவர் எவருக்கும் அடையாளம் தெரியாத ஒரு உருவமாகவே இருக்கும். நோயாளியைச் சுற்றிக் கூட்டமாக நின்று அழுபவர்களை அவர் வெளியே அனுப்பிவிடுவார் என்பதையும், அதனால் கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் நான் எழுதினேன்.

நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயிற்பூசுதலைப் பற்றியும் அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. சுவாமியைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று நினைத்துப் பலர் மூச்சு வாங்கும் கடைசி நேரம்வரை காத்திருக்கிறார்கள், அப்போது நோயாளியால் பாவசங்கீர்த்தனம் செய்யவோ நற்கருணை விழுங்கவோ முடியாமற் போகிறது. பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே அழைக்க வேண்டும், பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னரும் கேட்கலாம் என்று அவர் குடும்பங்களிடம் எடுத்துச் சொல்வார். தமக்கும் அவ்வாறே முன்கூட்டிக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

மிகக் கடினமான முடிவு ஒரு கொப்பியைப் பற்றியது. ஓய்வுக்குப் பின்னர் வீடுகளுக்குச் சென்று மருந்து கட்டிய விவரங்களைப் பெரியம்மா ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வந்திருந்தார். பெயர்கள் இல்லை, “கிணற்றடி வீடு”, “வளைவு வீடு” என்று மட்டுமே இருந்தது. திகதி, புண்ணின் நீளம் அகலம், சீழ் உண்டா இல்லையா, அன்றைய சீனியின் அளவு, அடுத்த கட்டுக்குரிய நாள் ஆகியவை நேரான கோடுகளுக்குள் எழுதப்பட்டிருந்தன. வாழ்க்கைக் குறிப்புக்கு இதைவிட வளமான ஆதாரம் வேறில்லை என்றாலும், சிறிய ஊரில் கிணற்றடி வீடு எது என்பது எல்லோருக்கும் தெரியும். தாதி ஒருவர் அறிந்த இரகசியங்கள் அவருடைய குடும்பத்தின் சொத்தல்ல என்பது என் உறுதியான நம்பிக்கை. குடும்பத்தவருடன் பேசி, நோயாளரைப் பற்றிய பக்கங்களை எரித்துவிட்டோம், பின்பக்கங்களில் அவர் தமக்காக எழுதிவைத்திருந்த பராமரிப்புக் குறிப்புகளை மட்டும் பிரதி எடுத்தோம். வீடுகளில் எனக்குச் சொல்லப்பட்டவற்றிலும், சொன்னவர் சம்மதித்தவற்றை மட்டுமே, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே சேர்த்தேன். ஒரு பெண் தன் கதையை முழுவதும் சொல்லிவிட்டு, எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது எழுதப்படவில்லை.

கோயிலில் வாசிப்பதற்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சுவாமி சொல்லியிருந்தார், அந்த எல்லை நன்மையே செய்தது. வாசிப்புக்கு மலேரியாவையும் பாதையையும் கடைசி வாங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவை எழுத்துப் பிரதியில் உள்ளன. பராமரிப்புக் குறிப்புகளை, இப்போது கடமையிலுள்ள தாதி ஒருவர் படித்து, இன்றைய நடைமுறைக்கு ஒவ்வாத சிலவற்றை நீக்கித் தந்த பின்னரே, பங்கில் நோயாளரைச் சந்திக்கச் செல்பவர்களுக்குக் கொடுத்தோம். பழைய தாதி சொன்னது என்பதற்காக எதையும் அப்படியே பரப்பக்கூடாது, குறிப்பாகப் புண்ணுக்கு இடும் மருந்துகள் காலத்தோடு மாறியிருக்கின்றன.

அவரோடு பணியாற்றியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் சிலரே. அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற மருத்துவமாது, மூதூர் லோஞ்சில் (பயணிகள் விசைப்படகில்) பார்த்த பிரசவங்களைப் பற்றிச் சொல்லச் சம்மதித்திருக்கிறார். காலையில் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும், மாலையில் களைத்துவிடுவார் என்று அவருடைய மகள் சொன்னதால், காலை வேளைகளில் அவரிடம் சென்று, கேள்விகளைக் குறைத்து, அவர் அனுமதியோடு குரலைப் பதிவு செய்து வருகிறேன்.